ஹோம் ஸ்கிரீனில் பிள்ளைகள் படம் மாறவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்

காவேரிப்பட்டணத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டிஸ்ப்ளே, பேட்டரி, சார்ஜிங் பின் வேலைகளுக்கு அடுத்து இப்போது அதிகம் வரும் புகார் இதுதான்: "தம்பி, பேத்தி படம் முன்னாடி தானா வந்துட்டு இருந்துச்சு, இப்ப வர மாட்டேங்குது." பிள்ளைகள் ஓசூரிலோ பெங்களூரிலோ வேலையில் இருப்பார்கள். பொங்கலுக்கு வந்தபோது அம்மா போனில் ஒரு விட்ஜெட், அதாவது ஆப்பைத் திறக்காமலே ஹோம் ஸ்கிரீனில் படம் காட்டும் பெட்டி, வைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட போனைக் கையில் எடுத்தாலே குழந்தை முகத்தைப் பார்த்துவிடலாம். அது நின்றுபோனால் அவர்களுக்கு உண்மையிலேயே கஷ்டம். இதில் பெரும்பாலானவை காசு செலவில்லாமல் வீட்டிலேயே சரியாகிற கோளாறுகள். பஸ் ஏறி வருவதற்கு முன்னால் கீழே இருப்பதைப் பார்த்துவிடுங்கள்.

## எதற்கும் முன்னால்: இது எந்த ஆப்பின் விட்ஜெட்?

மூன்று வகை வருகிறது. அனுப்புகிறவரும் பார்க்கிறவரும் ஒரே ஆப்பை வைத்துக்கொள்ளும் வகை ஒன்று. லாக்கெட் அப்படிப்பட்டது, அங்கே எடுத்த படம் இங்கே நேராகத் திரைக்கு வரும். அடுத்தது கூகுள் போட்டோஸ் விட்ஜெட், ஐபோன் என்றால் போட்டோஸ் விட்ஜெட். மூன்றாவது கேலரி விட்ஜெட்; வாட்ஸ்அப்பில் வந்து போனில் சேர்ந்த படத்தை அது காட்டும்.

படத்தின் மேல் ஒருமுறை தட்டுங்கள். எந்த ஆப் திறக்கிறதோ அதன் விட்ஜெட்தான் அது. இது தெரியாமல் எந்த செட்டிங்ஸிலும் கை வைக்க வேண்டாம்.

## பல நாளாக ஒரே படம் நிற்கிறது

முதலில் பார்க்க வேண்டியது அம்மா போனை அல்ல, அனுப்புகிறவர் போனை. அவரைக் கூப்பிட்டு, கடைசியாக எப்போது படம் போட்டார் என்று கேளுங்கள். போடவே இல்லை என்றால் விஷயம் அங்கேயே முடிந்தது. "போட்டுட்டுத்தானே இருக்கேன்" என்று சொன்னால், கூகுள் போட்டோஸ் வழியாக அனுப்புகிறவர் வலது மேல் மூலையில் தன் படத்தைத் தட்டி பேக்கப் (போனில் எடுத்த படம் கூகுள் கணக்கில் ஏறுவது) நிலவரத்தைப் பார்க்க வேண்டும். அங்கே இரண்டு காரணம் மாறி மாறி வரும்.

ஒன்று, இடம் நிறைந்துவிட்டது. கூகுள் கணக்குக்கு இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அது. 2021 ஜூன் 1 முதல் போட்டோஸில் ஏற்றும் படங்களும் அந்தக் கணக்கில் சேர்கின்றன. நிறைந்துவிட்டால் பேக்கப் நின்றுவிடும். குழந்தை முகத்தை அடையாளம் கண்டு தானாகச் சேர்க்கும்படி ஆல்பத்தை அமைத்திருந்தால், பேக்கப் ஆகாத படம் அதில் சேராது. பழைய வீடியோக்களை வேறு இடத்தில் பத்திரப்படுத்திவிட்டு நீக்கினாலே பெரிதாக இடம் கிடைக்கும். காசு கொடுத்து இடம் வாங்குவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, வைஃபையில் மட்டும் பேக்கப் ஆகும்படி இருக்கிறது. ஓசூரில் ரூமெடுத்துத் தங்கியிருக்கும் பையனுக்கு வைஃபை ஏது? படம் அவன் போனிலேயே கிடக்கும். பேக்கப் செட்டிங்ஸில் மொபைல் டேட்டாவை அனுமதித்து, ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வரம்பு வைத்துவிட்டால் போதும்.

அனுப்புகிறவர் பக்கம் சரி என்றால் அப்புறம் அம்மா போனுக்கு வாருங்கள். விட்ஜெட்டைத் தட்டி ஆப்பைத் திறந்து ஒரு நிமிடம் விடுங்கள். என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த வேலை.

### ஆப்பைத் திறந்ததும் புதுப் படம் வந்துவிடுகிறது

அப்படியென்றால் நெட்டும் கணக்கும் நன்றாக இருக்கின்றன. பேட்டரியை மிச்சம் பிடிக்க போனே அந்த ஆப்பைப் பின்னணியில் ஓடவிடாமல் நிறுத்துகிறது. நம் பக்கம் விற்கும் பட்ஜெட் போன்களில் இது மிகச் சாதாரணம்.

முதலில் பேட்டரி சேவர் போட்டிருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள். "கிளீனர்", "பூஸ்டர்" என்று ஏதாவது ஆப் இருந்தால் அதை நீக்குங்கள். பேரன்கள் லீவுக்கு வரும்போது நல்லெண்ணத்தில் போட்டுவிடுகிறார்கள்; அது சுத்தம் செய்கிறேன் என்று விட்ஜெட் ஆப்பையும் நிறுத்திவிடுகிறது.

அடுத்து ஆப் ஐகானை அழுத்திப் பிடித்து ஆப் இன்ஃபோவுக்குப் போங்கள். பேட்டரி என்ற இடத்தில் அன்ரிஸ்ட்ரிக்டட் என்று வையுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். ரெட்மி, போக்கோவில் ஆட்டோஸ்டார்ட்டை ஆன் செய்து, பேட்டரி சேவரில் நோ ரிஸ்ட்ரிக்ஷன்ஸ். விவோவில் ஆட்டோஸ்டார்ட்டோடு, பேட்டரி பகுதியில் பின்னணிப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தாதே என்ற தேர்வும் இருக்கும். ஓப்போ, ரியல்மியில் ஆட்டோ லாஞ்ச், பேக்ரவுண்ட் ஆக்டிவிட்டி இரண்டையும் அனுமதிக்க வேண்டும். சாம்சங்கில் பேக்ரவுண்ட் யூசேஜ் லிமிட்ஸுக்குள் போய், ஸ்லீப்பிங் பட்டியலிலோ டீப் ஸ்லீப்பிங் பட்டியலிலோ இந்த ஆப் இருந்தால் எடுத்து, தூங்கவே விடக்கூடாத ஆப்களின் பட்டியலில் போடுங்கள்.

அதே ஆப் இன்ஃபோ பக்கத்தில், பயன்படுத்தாவிட்டால் நிறுத்திவை என்ற பொருளில் ஒரு சுவிட்ச் இருக்கும். அதை ஆஃப் செய்யுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அம்மாக்கள் விட்ஜெட்டைப் பார்க்கிறார்களே தவிர ஆப்பைத் திறப்பதில்லை. மாதக்கணக்கில் திறக்காத ஆப்பை யாருக்கும் வேண்டாத ஆப் என்று போன் முடிவுகட்டிவிடும். வாரத்துக்கு ஒருமுறை படத்தைத் தட்டித் திறந்து மூடச் சொல்லிக்கொடுங்கள்.

ஐபோன் என்றால் லோ பவர் மோடை எடுத்துவிட்டு, பேக்ரவுண்ட் ஆப் ரிஃப்ரெஷை ஆன் செய்யுங்கள். ஆப்பை மேலே தள்ளி மூடும் பழக்கத்தை விட வேண்டும். அதோடு, அனுப்பிய நொடியே வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அடிக்கடி பார்க்கப்படும் விட்ஜெட்டுக்கே நாளைக்கு 40 முதல் 70 முறை வரைதான் புதுப்பிக்க வழக்கமாக அனுமதி கிடைக்கும். கால் மணி, அரை மணி தாமதம் கோளாறு ஆகாது.

### திறந்தும் புதுப் படம் வரவில்லை

மேலே இருக்கும் தேதி, நேரத்தைப் பாருங்கள். பேட்டரி மாற்றிய போனிலும் முழுதாக இறங்கிப்போன போனிலும் தேதி தப்பாக இருந்தால் ஆப் சர்வரோடு பேசாது. ஆட்டோமேட்டிக் நேரத்தை ஆன் செய்யுங்கள்.

அப்புறம் கணக்கு. போன் வாங்கும்போது கடையில் ஒரு ஜிமெயில் உருவாக்கிக் கொடுத்திருப்பார்கள். பிறகு மகன் இன்னொன்றைச் சேர்த்திருப்பான். ஆல்பம் ஒரு கணக்குக்குப் பகிர்ந்திருக்கும், ஆப் இன்னொரு கணக்கில் திறந்திருக்கும். கூகுள் போட்டோஸின் மூலையில் இருக்கும் படத்தைத் தட்டிக் கணக்கை மாற்றிப் பாருங்கள்.

அடுத்தது போனில் இடம். ஸ்டோரேஜ் நிரம்பி வழிகிற போனில் புதுப் படம் இறங்க வழியில்லை. வாட்ஸ்அப் குரூப் வீடியோக்கள்தான் பெரும்பாலும் அடைத்துக்கொண்டிருக்கும். கடைசியாக, ஆப்பை அப்டேட் செய்து போனை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இத்தனைக்கும் பிறகு வராவிட்டால் கடைக்குக் கொண்டு வரலாம்.

## காலையில் வருகிறது, சாயங்காலம் வருவதில்லை

அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டது. தினசரி வரம்பு முடிந்ததும் பல பிளான்களில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். அதில் ஒரு நல்ல படம் இறங்குவது கஷ்டம். தாத்தா மதியம் முழுக்க யூடியூப் பார்த்திருந்தால் அதுதான் காரணம். வீடியோ தரத்தைக் குறைத்து வைத்தாலே சரியாகும். ரிப்பேர் எதுவும் தேவையில்லை.

## வீட்டில் வருவதில்லை, டவுனுக்கு வந்தால் வருகிறது

அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். மஞ்சப்பையில் துணி சுற்றி வைத்திருந்த போனை எடுத்து மேசையில் வைத்தார். நான் இன்னும் தொடக்கூட இல்லை. விட்ஜெட்டில் படம் மாறியது. பேரன் குப்புற விழுந்து தலையைத் தூக்கும் படம், பிறகு தவழும் படம், பிறகு பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம். அவர் "நின்னுட்டானா?" என்று கேட்டுவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டு இருந்தார். போனில் எந்தக் கோளாறும் இல்லை. ஊரில் டேட்டா எட்டவில்லை, அவ்வளவுதான்.

அஞ்செட்டி, வத்தல்மலை, சித்தேரி போன்ற மலைப்பகுதி ஊர்களில் போன் பேச முடிந்தாலும் படம் இறங்காமல் போகலாம். 5ஜி போன் என்றால் நெட்வொர்க் வகையை 4ஜிக்கு மாற்றிப் பாருங்கள். பலவீனமான 5ஜியைத் தேடித் தேடி அலைவது நிற்கும். இரண்டு சிம் இருந்தால் டேட்டாவை மற்ற சிம்முக்கு மாற்றுங்கள். அந்தத் தெருவில் யார் போனில் நெட் நன்றாக வருகிறது, எந்த கம்பெனி என்று கேட்டு, தேவைப்பட்டால் அந்த சிம்முக்கு மாறுங்கள். வீட்டில் சிக்னல் கிடைக்கிற ஜன்னல் ஓரத்தில் ராத்திரி சார்ஜ் போட்டு வைத்தாலும் காலைக்குள் படம் வந்து சேர்ந்துவிடும்.

இதற்காகப் புது போன் வாங்க வேண்டாம். பக்கத்து வீட்டில் அதே சிம்மில் நன்றாக வந்து, உங்கள் போனில் மட்டும் எங்கே போனாலும் சிக்னல் கோடு குறைவாக இருந்தால்தான் ஆன்டெனா பக்கம் சந்தேகப்பட வேண்டும். அது கடையில் பார்க்க வேண்டியது.

## விட்ஜெட்டையே காணோம், அல்லது "ப்ராப்ளம் லோடிங் விட்ஜெட்" என்று வருகிறது

கை பட்டு நீங்கியிருக்கலாம். காலி இடத்தை அழுத்திப் பிடித்து விட்ஜெட்ஸ் பட்டியலிலிருந்து திரும்ப வையுங்கள். வைத்ததும், ஹோம் ஸ்கிரீன் செட்டிங்ஸில் லே-அவுட்டைப் பூட்டும் வசதி இருந்தால் பூட்டிவிடுங்கள்.

பட்டியலில் அந்த ஆப்பே இல்லையா? ஆப் இருக்கிறதா என்று பாருங்கள். இடம் குறைந்தபோது பிளே ஸ்டோர் அதை ஆர்க்கைவ் செய்திருக்கலாம், அதாவது ஐகானை மட்டும் விட்டுவிட்டு ஆப்பை எடுத்திருக்கலாம். தட்டினால் திரும்ப இறங்கும். ஆப் மெமரி கார்டில் இருந்தால் போனின் உள் சேமிப்புக்கு மாற்றுங்கள், கார்டில் இருக்கும் ஆப்பின் விட்ஜெட் சரியாக வேலை செய்யாது. ஈஸி மோட், சிம்பிள் மோட் போட்டிருந்தால் ஹோம் ஸ்கிரீனே வேறாகிவிடும். பெரிய எழுத்துக்காக யாராவது அதைப் போட்டிருப்பார்கள். அதை எடுத்துவிட்டு எழுத்து அளவை மட்டும் தனியாகப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

பெட்டி இருக்கிறது, படம் இல்லாமல் சாம்பல் நிறமாக நிற்கிறது என்றால் விட்ஜெட்டை நீக்கித் திரும்ப வைப்பதே பாதி நேரம் தீர்வு. சரியாகாவிட்டால் ஆப்புக்குப் போட்டோ அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். எளிய போட்டோ விட்ஜெட் ஆப்களில், பெரிய மெகாபிக்சல் கேமராவில் எடுத்த முழு அளவுப் படம் ஏறாமல் போகும். அதே படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சிறிதாக்கி வைத்தால் வந்துவிடும்.

## பிள்ளைகள் படத்துக்குப் பதில் குட்மார்னிங் பூப்படம் வருகிறது

கேலரி விட்ஜெட்டில் இது வரும். போனில் சேர்வதையெல்லாம் அது காட்டும். சொந்தக்காரர் குரூப், ஊர் குரூப், மாம்பழ விலை, தக்காளி விலை எல்லாம் வந்து விழும்.

வாட்ஸ்அப்பில் அந்தந்த குரூப்பின் பெயரைத் தட்டி உள்ளே போய் மீடியா விசிபிலிட்டியை நோ என்று வையுங்கள். மகன், மகள் சாட்டில் மட்டும் எஸ். அப்புறம் கேலரியில் ஒரு தனி ஆல்பம் உண்டாக்கி, விட்ஜெட்டை அந்த ஆல்பத்தோடு இணையுங்கள். படம் வரவே இல்லை என்றால் வாட்ஸ்அப் செட்டிங்ஸின் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டாவில் ஆட்டோ டவுன்லோட் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை மட்டும் பார்க்கும்படி அனுப்பிய படம் போனில் சேமிப்பாகாது. அனுப்புகிறவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

## குறிப்பிட்ட ஒருவர் படம் மட்டும் வரவில்லை, அல்லது வரக்கூடாத படம் வருகிறது

கூகுள் போட்டோஸில் ஆட்களைத் தேர்ந்தெடுத்து வைக்கும் விட்ஜெட் உங்கள் கணக்கில் இருக்கும் படங்களிலிருந்துதான் எடுக்கும். மகள் பகிர்ந்தாலும் அது உங்கள் கணக்கில் சேமிக்கப்படாவிட்டால் அங்கே வராது. ஒருவர் படங்களை இன்னொருவருக்குத் தானாகப் பகிரும் பார்ட்னர் ஷேரிங் வசதியில், தானாகச் சேமிக்கும் தேர்வை ஆன் செய்யுங்கள். சேமித்தவை உங்கள் இடத்தைப் பிடிக்குமா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தை வளர வளர முகம் மாறும். ஒரே குழந்தை இரண்டு ஆளாகப் பிரிந்து நிற்கும். இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கச் சொல்லி ஆப்பே சில நேரம் கேட்கும், இல்லாவிட்டால் இரண்டுக்கும் ஒரே பெயர் கொடுங்கள்.

இறந்தவரின் படம் எதிர்பாராமல் திரையில் வந்து நிற்கிறது என்று தாங்க முடியாமல் வருகிறவர்களும் உண்டு. கூகுள் போட்டோஸ் பழைய படங்களைத் தானாக எடுத்துக் காட்டுவதற்கு மெமரீஸ் என்று பெயர். அதன் செட்டிங்ஸில் குறிப்பிட்ட ஆளையோ தேதியையோ மறைக்கலாம், படம் அழியாது. ஆனால் போனுக்கு உரியவரைக் கேட்காமல் இதைச் செய்யாதீர்கள். பிள்ளைகள் மறைக்கச் சொல்வார்கள், அம்மா "இருக்கட்டும், வந்தா வந்துட்டுப் போவட்டும்" என்பார். அம்மா சொல்வதுதான் கணக்கு.

## பகிர்ந்த ஆல்பம் முழுவதும் ஒருநாள் காணாமல் போய்விட்டது

ஆப்பிலிருந்து லாக்-அவுட் ஆகியிருக்கலாம், முதலில் அதைப் பாருங்கள். அடுத்து, ஆல்பம் யாருடையதோ அவர் நீக்கிவிட்டாரா என்று கேளுங்கள். படங்களை நீக்கியிருந்தால் கூகுள் போட்டோஸின் ட்ராஷில் பேக்கப் ஆன படங்கள் 60 நாள், ஆகாதவை 30 நாள் வரை இருக்கும். அவர் கணக்கிலிருந்து மீட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் ஆகிவிட்டால் கடையிலும் மீட்க முடியாது. "ரெக்கவரி செய்து தருகிறேன்" என்று காசு கேட்கிறவரிடம் யோசித்துக் கொடுங்கள்.

ஆல்பத்தின் உரிமையாளர் இறந்திருந்தால் இன்னும் கவனம் தேவை. 2 ஆண்டு யாரும் பயன்படுத்தாத தனிநபர் கணக்கை நீக்கும் வழக்கத்தை கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. கணக்கு போனால் ஆல்பமும் போகும். அப்படிப்பட்ட ஆல்பம் வீட்டில் இருந்தால் இன்றைக்கே ஒவ்வொரு படத்தையும் உங்கள் கணக்கில் சேமியுங்கள், ஒரு பென்டிரைவிலும் போட்டு வையுங்கள். முக்கியமான சிலவற்றை பிரிண்ட் போடுங்கள்.

## தலை வெட்டுப்பட்டு, அல்லது மங்கலாகத் தெரிகிறது

விட்ஜெட் சதுரம், படம் நீளம். விட்ஜெட்டை அழுத்திப் பிடித்து ஓரத்தை இழுத்து உயரமாக்குங்கள். முகம் நடுவில் இருக்கும்படி எடுக்க அனுப்புகிறவரிடம் சொல்லுங்கள். மங்கலுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது எச்டி என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

## படம் மாறினாலும் பழைய முகம் நிழலாகத் தெரிகிறது, கோடு விழுகிறது

ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு போனுக்கு அனுப்பிப் பாருங்கள். அங்கேயும் அந்த நிழலோ கோடோ தெரிந்தால் ஆப்பில் கோளாறு. அங்கே சுத்தமாக இருந்தால் டிஸ்ப்ளே போய்க்கொண்டிருக்கிறது. அமோலெட் திரையில் ஒரே படம் நெடுநேரம் வெளிச்சமாக நின்றால் தடம் பதியும். ஸ்கிரீன் டைம்-அவுட்டைக் குறைத்து வைத்தால் மேலும் மோசமாகாது, பதிந்தது போகாது. நிழல் மட்டும் என்றால் அப்படியே ஓட்டலாம். கோடு பரவுகிறது, தொட்டால் வேலை செய்யவில்லை, திரை ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்றால் உடனே கடைக்கு வாருங்கள். கடைசியாகச் சொன்னது பேட்டரி உப்பிய அடையாளமாக இருக்கலாம், அந்த போனைச் சார்ஜில் போடாதீர்கள்.

## கடைக்குக் கொண்டு போகும்போது

"ரீசெட் அடிச்சா சரியாகிடும்" என்று யார் சொன்னாலும் படங்கள் பேக்கப் ஆகிவிட்டனவா என்று கண்ணால் பார்க்காமல் சம்மதிக்காதீர்கள். விட்ஜெட் கோளாறுக்கு ரீசெட் தேவைப்படுவது மிக அரிது. ஜிமெயில் பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டாம்; தேவையான இடத்தில் நீங்களோ மகனோ போடுங்கள். ஓடிபி கேட்டால் காரணம் கேளுங்கள்.

வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பும் ஏபிகே ஃபைலை (பிளே ஸ்டோர் இல்லாமலே ஆப்பை நிறுவும் ஃபைல்) போட்டோ விட்ஜெட் என்று நம்பி நிறுவாதீர்கள். படம் காட்டும் ஆப்புக்கு எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியோ, திரையைப் பார்த்து இயக்க விடும் ஆக்சஸிபிலிட்டி அனுமதியோ தேவையே இல்லை. கேட்டால் அந்த ஆப்பை அங்கேயே நீக்கிவிடுங்கள். ஏற்கெனவே அனுமதி கொடுத்திருந்தால் நெட்டை அணைத்துவிட்டு, வேறு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள்.